காலையில் கேட்காத சத்தம்

முந்தாநாள் வாழைக்காய் வாங்கப் போனேன். மொன்றியலின் வில்லரேப் பகுதியில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு லத்தீன் அமெரிக்கக் கடை இருக்கிறது. தமிழ்க் கடைக்குப் போனால் தெரிந்த முகங்கள் நாலு மறிக்கும். வாழைக்காய் வாங்கப் போனவள் ஊர் வம்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வர மத்தியானமாகிவிடும். இந்தக் கடையில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு போன்ஜூர், ஒரு மெர்சி, காரியம் முடிந்தது. அன்றைக்குக் கடைக்காரப் பெண் காசு வாங்கும் மேசையில் ஒரு சின்ன மரக்குச்சியைக் கொளுத்தி, ஊதி அணைத்து, புகைய விட்டிருந்தாள். சாம்பிராணியும் இல்லை, சந்தனமும் இல்லை. எலுமிச்சம் இலையைக் கசக்கித் தணலில் போட்டதுபோல ஒரு வாசம். வாழைக்காய்ச் சீப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் நின்றவர் இரண்டு தரம் செருமிப் பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்த மரத்துக்குப் பாலோ சாந்தோ என்று பெயர். அதை நான் முதல்முதல் முகர்ந்த ஊர் கீட்டோ. ஈக்குவடோர் நாட்டின் தலைநகரம். ஒரு காலத்தில் நான் தன்னந்தனியாக அங்கே போயிருந்தேன். இதைச் சொன்னால் நீங்களும் மற்றவர்களைப் போல ஒரு மாதிரிப் பார்ப்பீர்கள் என்று தெரியும். எங்கள் சனம் பிரயாணம் செய்யாத சனமில்லை. கலியாணம், சாமத்தியச் சடங்கு, செத்தவீடு என்றால் ரொறொன்ரோ, லண்டன், பாரிஸ் என்று பறப்போம். வெறும் உல்லாசம் என்றால் மூன்று குடும்பமாகச் சேர்ந்து கியூபா போய்க் கடற்கரையில் சீட்டு விளையாடிவிட்டு வருவோம். கலியாணம் கட்டாத ஒருத்தி, நாற்பதைத் தாண்டியவள், துணையில்லாமல் கீட்டோவுக்குப் போவதென்றால் கேட்பதற்கு ஒரு கேள்விதான் இருந்தது.

"அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை" என்பேன். ஒருவரும் நம்பவில்லை. ஆரோ ஒரு ஆள் இருக்கிறார் என்றும், அவருக்கு மீசை உண்டென்றும் கதை உலாவியதாகப் பிறகு அறிந்தேன். மீசை எப்படி வந்தது என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

உண்மையில் ஒரு ஆள் இருந்தார்தான். அது என் அண்ணன். அவர் இருந்தது கீட்டோவில் இல்லை, மொன்றியலின் மேற்குப் பக்கம், ரொக்ஸ்பரோவில், ரெயில் சத்தம் கேட்கிற ஒரு வீட்டில். ஆனால் நான் திருகோணமலையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், கனடாவுக்கென்று புறப்பட்டவரை ஏஜென்சிக்காரன் கீட்டோவில் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் காணாமல் போனான். மாதக் கணக்காக அங்கே கிடந்தார். அந்த நாட்களில்தான் எங்கள் அம்மா செத்துப்போனா. செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்தபோது முப்பத்தோராம் நாளும் முடிந்துவிட்டது. மூத்த மகன் இருக்க, கொள்ளி வைத்தது சித்தப்பா.

அதன் பிறகு அண்ணன் மொன்றியல் வந்தார், வேலை எடுத்தார், என்னையும் கூப்பிட்டார். எல்லாக் கதையும் கதைப்பார், கீட்டோவை மட்டும் கதைக்கமாட்டார். ரீவியில் அந்த நாடு பந்தடிக்க வந்தாலே எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுவார். எனக்கோ சின்ன வயதிலிருந்தே ஒரு வருத்தம்: பூட்டின அலுமாரியைக் கண்டால் உள்ளே என்ன என்று பார்க்காமல் நித்திரை வராது. அந்த ஊரில் இவருக்கு என்ன நடந்தது? அம்மாவின் செய்தியை எங்கே நின்று கேட்டார், யாரிடம் அழுதார்? இதை அறியாமல் என் அண்ணனைப் பாதிதான் தெரியும் என்ற எண்ணம் எனக்குள் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது.

அவர் வாயிலிருந்து இரண்டே இரண்டு துரும்பு கிடைத்திருந்தது. ஒருமுறை தன் பேத்திக்குச் சொன்னார்: "நாங்கள் மேல இருந்தனாங்கள், கீழ சாப்பாட்டுக் கடை. சூப்புக்குள்ள பொப்கோர்ன் போடுவினம்." மற்றது, ஒரு கலியாண வீட்டில் இரண்டு கிளாஸ் உள்ளே போன பிறகு சொன்னது: "மலையில செட்டை வச்ச ஒரு மாதா நிக்கிறா. அவவும் எங்களுக்கு முதுகைத்தான் காட்டினவ."

நான் போகப்போகிறேன் என்றதும், "அங்க என்ன கிடக்கு பாக்க? மலையும் மழையும்தான்" என்றார். தடுக்கவில்லை. விமான நிலையத்தில் இறக்கிவிடும்போது தன்னுடைய தடித்த ஜக்கெட்டைக் கழற்றித் தந்தார்.

"பூமத்திய ரேகையில எப்பிடி அண்ணை குளிரும்?"

"குளிரும். நான் சொல்லுறன், கொண்டு போ."

குளிர்ந்தது. குளிர் மட்டுமா, மூச்சும் வரவில்லை. கீட்டோ ஆகாயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். பழைய நகரத்தில் நான் தங்கிய விடுதி ஒரு ஏற்றத்தின் நடுவில் இருந்தது. முதல் நாள் அந்த ஏற்றத்தில் பத்தடிக்கு ஒருமுறை நின்று, கடை யன்னல்களில் ஏதோ அதிசயத்தைப் பார்ப்பதுபோல நடித்து இளைப்பாறினேன். அப்படி நான் நெடுநேரம் ரசித்த ஒரு கடையில் சவப்பெட்டி விற்றார்கள். வட்டத் தொப்பி போட்ட ஒரு மூதாட்டி முதுகில் வெங்காய மூட்டையோடு என்னைத் தாண்டிப் போனார், திரும்பிப் பார்த்து ஒரு இரக்கச் சிரிப்பும் சிரித்தார்.

மத்தியானம் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். அங்கே மத்தியானச் சாப்பாடு என்றால் ஒரு ஒழுங்கு உண்டு: முதலில் சூப், பிறகு சோறு, குடிக்கப் பழரசம். சோறு! அதுவும் பருப்பு மாதிரி ஒரு குழம்போடு. பரிமாறியவள் ஒவ்வொன்றாகக் காட்டி வேண்டுமா என்று கேட்டாள். நான் எங்கள் வழக்கப்படி, ஓம் ஓம் என்று தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். அவள் முகம் வாடி, சூப்பைக் கொண்டு போனாள். பழரசத்தைக் கொண்டு போனாள். சோற்றிலும் கை வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. பாய்ந்து தட்டைப் பிடித்துக்கொண்டேன். மொன்றியலில் இத்தனை வருடம் இருந்தும், பசி வந்தால் என் தலை திருகோணமலைத் தலைதான்.

ஆறு மணிக்குப் பொழுது பட்டது. இதைத்தான் உங்களுக்குச் சரியாகச் சொல்லவேண்டும். மொன்றியலில் கோடையில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகாது, மாரியில் நாலு மணிக்கே இருட்டு. வருடக் கணக்காக அதற்குப் பழகியிருந்தேன். கீட்டோவில் ஆறு மணிக்கு, ஊரில் போலவே, யாரோ விளக்கை அணைத்த மாதிரிச் சட்டென்று இருண்டது. விடிவதும் ஆறு மணிக்கு. விடுதி முற்றத்தில் நின்று இருட்டைப் பார்த்து நான் சிரித்ததை அங்கிருந்த வெள்ளைக்காரப் பையன்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள்.

அந்த விடியற்காலைகளில்தான் ஒரு சங்கடம். கோழி கூவியது. நாய் குரைத்தது. கோயில் மணி அடித்தது. காஸ் சிலிண்டர் லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. ஆறு மணி வெளிச்சம், ஈரக் காற்று, எல்லாம் ஊர்தான். ஆனாலும் ஏதோ ஒன்று குறைந்தது. உப்புப் போடாத கஞ்சி மாதிரி. விமானத்தில் வந்ததில் காது அடைத்திருக்கும் என்று மூக்கைப் பொத்தி ஊதிப் பார்த்தேன். காது திறந்துதான் இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. எது இல்லை என்று பிடிபடாத ஒரு இல்லாமை.

செட்டை மாதாவைக் கண்டுபிடிக்கக் கஷ்டம் இருக்கவில்லை. நகரத்தின் நடுவில் ஒரு குன்று, அதன் உச்சியில் வானத்துக்கு உயர்ந்த சிலை, முதுகில் பறவைச் சிறகுபோல இரண்டு செட்டை. பழைய நகரத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் தெரிவா. அவ தெரிகிற தெருக்களில் இருந்த சாப்பாட்டுக் கடைகளுக்கெல்லாம் ஏறி இறங்கினேன். எல்லாக் கடைகளிலும் சூப்புக்குப் பொப்கோர்ன் கொடுத்தார்கள். அண்ணன் தந்த அடையாளம், மொன்றியலில் பனி பெய்யும் வீடு எது என்று தேடுவதைப் போன்றது. இரண்டாம் நாள் பின்னேரம் தேவாலயப் படியில் களைத்துப்போய் உட்கார்ந்து, மாதாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம்! எனக்குத் தெரிவது முகம். அண்ணன் சொன்னது முதுகு. மோட்டுக் கழுதை, குன்றுக்கு மற்றப் பக்கமல்லவா போகவேண்டும் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் தெற்குப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினேன். கதவில் தொங்கியபடி ஒருவன் போகும் இடங்களின் பெயரை மூச்சு விடாமல் கத்தினான். "மூதூர் மூதூர் மூதூர்" என்று கத்தும் எங்கள் ஊர்ப் பஸ்காரனின் அதே ராகம். நெரிசலில் நின்ற எனக்கு அந்த நகரத்தில் முதல்முறையாகப் பயம் விட்டுப்போனது. குன்றைச் சுற்றி இறங்கியதும் மாதா திரும்பிவிட்டா. இரண்டு செட்டை, ஒரு முதுகு. இந்தப் பக்கம் உல்லாசப் பயணிகள் யாரும் இல்லை. சப்பாத்துத் தைக்கிற கடை, பாண் கடை, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள்.

மூன்றாவதாக நுழைந்த சாப்பாட்டுக் கடை, ஒரு பழைய வீட்டின் முன்னறை. கடைக்கார அம்மா, பிறகு அறிந்த பெயர் சொய்லா, மேசைகளுக்கு இடையே ஒரு மரக்குச்சியைப் புகைத்துக்கொண்டு நடந்தார். அங்கேதான் அந்த வாசம். சாப்பிட்டு முடித்து, கழிவறை எங்கே என்று கைச்சாடையில் கேட்டேன். உள்ளே, மாடிக்கு, என்று காட்டினார். உள்ளே போனால் முற்றமும் மரப்படிகளும். கடை முடிந்து வீடு தொடங்குகிற இடம். என்னை அறியாமல் சப்பாத்தைக் கழற்றி, படியின் ஓரத்தில் சுவரோடு சேர்த்து வைத்துவிட்டு ஏறினேன்.

திரும்பி வந்தபோது சொய்லா அம்மா படியடியில் நின்று என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். படி படியாக விரலை நீட்டி, "சபாத்தோஸ், சபாத்தோஸ்" என்றார். நாங்கள் சப்பாத்து என்பதைத்தான் அவர்களும் அப்படிச் சொல்கிறார்கள். அதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு சோடி. மேலே கையைக் காட்டி, இளம் பெடியன்கள், மெலிந்தவர்கள், கறுத்தவர்கள் என்று சாடை செய்தார். அந்த ஊரில் வீட்டு வாசலில் சப்பாத்துக் கழற்றுகிற வழக்கம் இல்லை. பெடியன்களுக்குப் பிறகு அந்தப் படியில் அப்படிச் செய்த முதல் ஆள் நானாம்.

கைப்பையில் வைத்திருந்த அண்ணனின் பழைய பாஸ்போர்ட் படத்தை எடுத்து நீட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். திருப்பித் தரப்போனவர், ஏதோ நினைத்து, தன் கட்டைவிரலால் படத்தில் தலைமுடியை மறைத்தார். இன்னொரு விரலால் மீசையையும் மறைத்தார். பார்த்தார். "மமா" என்றார் மெதுவாக. தன் கண்ணிலிருந்து கன்னம் வரைக்கும் விரலால் ஒரு கோடு இழுத்தார்.

தாய்க்காக மொட்டை அடித்து மீசை மழித்த முகம்தான் அவருக்கு ஞாபகம் இருந்தது.

கையைப் பிடித்து என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மூலை. மாதாவின் முதுகு நேரே தெரிந்தது. அங்கே அவர் அண்ணனைப்போல நடித்துக் காட்டினார். ஒரு கையில் தட்டு ஏந்தி வருகிறார், குனிந்து மூலையில் சோற்றை வைக்கிறார், தள்ளி நிற்கிறார், நெற்றியில் கை வைத்து வானத்தைப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே நிற்கிறார். முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போகிறார். இப்படி ஒரு நாள் இல்லை, மூன்று நாள் என்று விரல் காட்டினார். அந்தப் பெடியன் என்ன செய்தான் என்று அவருக்கு விளங்கவேயில்லை; சாப்பிட மனமில்லாமல் கொட்டினான் என்று நினைத்திருக்கிறார். எனக்கு ஒரு சொல் இல்லாமல் எல்லாம் விளங்கியது. அம்மாவுக்குப் படைத்துவிட்டுக் காகத்துக்காகக் காத்து நின்றிருக்கிறார் அண்ணன். காகம் வந்து தொட்டால்தான் செத்தவர் ஏற்றுக்கொண்டதாக எங்களுக்கு நம்பிக்கை. காகம் வரவில்லை.

சொய்லா அம்மாவின் கதை முடியவில்லை. இப்போது அவர் விளக்குமாறு பிடித்தவராக மாறினார். பெடியன் இறங்கிப் போன பிறகு மாடியைக் கூட்ட வந்த தன்னைத்தான் நடித்தார். மதிலில் உட்கார்ந்திருந்த ஒரு குருவியைக் காட்டினார். கறுத்த உடம்பு, செம்மஞ்சள் சொண்டு. "மிர்லோ" என்றார். ஒரு கையை விரித்து, மற்றக் கை விரல்களைக் குவித்து அதில் கொத்தினார். கொத்து கொத்தென்று கொத்தி, வெறும் உள்ளங்கையைக் காட்டினார். ஒரு பருக்கை மிச்சமில்லை.

அப்போதுதான் காலையில் எனக்குக் கேட்காத சத்தம் எது என்று பிடிபட்டது. கம்பிகளைப் பார்த்தேன், கூரைகளைப் பார்த்தேன். புறா இருந்தது, மிர்லோ இருந்தது, சின்னக் குருவிகள் இருந்தன. காகம் ஒன்று கூட இல்லை. நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. சொய்லா அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டேயிருந்தார். கீழே வந்து சப்பாத்துப் போடும்போது, விழுந்துவிடுவேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் வேலைசெய்த கார்டெரியில், அதுதான் குழந்தைகளைப் பார்க்கிற இடத்தில், சிலி நாட்டுக்காரி ஒருத்தி இருந்தாள். திரும்பி வந்ததும் அவளிடம் கேட்டேன். "காகமா? எங்கள் பக்கம் முழுக்க அப்படி ஒன்று கிடையாது. நான் முதல்முதல் பார்த்தது மொன்றியலில்" என்றாள். வீட்டுக்குப் போய்ப் புத்தகத்திலும் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அந்தக் கண்டத்திலேயே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ரொக்ஸ்பரோ போனேன். அண்ணன் பின்வளவில் நின்றார். அவருக்கு ஒரு வழக்கம்: தினமும் சமைத்த முதல் சோற்றில் ஒரு பிடியை வேலித் தூணில் வைப்பார். பனி கொட்டினாலும் வைப்பார். பக்கத்து வீட்டுப் பிரெஞ்சு மனுசிக்கு அந்தக் காகக் கூட்டத்தைக் கண்டால் ஆகாது. "காகத்துக்குச் சம்பளம் குடுக்கிறார்" என்று நானும் எத்தனையோ தரம் பகிடி பண்ணியிருக்கிறேன்.

"அண்ணை, சொய்லா அம்மாவைக் கண்டனான்."

சோறு வைத்த கை நின்றது. "உயிரோட இருக்கிறாவோ?"

"ஓம். இன்னும் பொப்கோர்ன்தான் போடுறா."

முகம் கொஞ்சம் மலர்ந்தது. பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார். "மாடிக்கும் போனியோ?"

"போனனான். நீங்கள் கீழ இறங்கின பிறகு ஒரு கறுப்புக் குருவி வந்து எல்லாச் சோத்தையும் திண்டதாம்."

"காகமோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "காகம் இல்லை அண்ணை. அங்க காகமே இல்லை."

"ஊருக்குள்ள இல்லை. மலைப்பக்கம் இருந்திருக்கும்."

"மலையிலயும் இல்லை. அந்த நாட்டிலயும் இல்லை, பக்கத்து நாடுகளிலயும் இல்லை. ஒரு காலத்திலயும் இருந்ததில்லையாம்."

அண்ணன் பின்கதவுப் படியில் உட்கார்ந்தார். "ஒண்டு கூட?"

"ஒண்டு கூட."

"மூண்டு நாள் வச்சனான் பிள்ளை. கொள்ளி வைக்க வரேல்லை எண்டு அம்மா கோவிச்சுப்போட்டா எண்டுதான் இவ்வளவு காலமும்..." அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று கிட்டப் போனால், சிரிக்கிறார். கண்ணீரோடு சிரிக்கிறார். "இல்லாத காகத்தையெல்லோ நான் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறன்!" தூணில் இருந்த காகங்கள் எங்களைச் சட்டை செய்யாமல் சோற்றுக்குச் சண்டை பிடித்தன.

அதன் பிறகு கீட்டோக் கதைக்கு அணை உடைந்தது. எந்தக் கலியாண வீட்டிலும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மாதாவின் முதுகையும் பொப்கோர்ன் சூப்பையும் கேட்காமல் எழும்ப முடியாது. சனம் கதிரை மாறி உட்கார்ந்ததை நானே கண்டிருக்கிறேன். எனக்கு மட்டும் அந்தக் கதை ஒரு நாளும் அலுக்கவில்லை.

அண்ணன் போன வருடம், பனி கரையத் தொடங்கிய கிழமை போய்விட்டார். ரொக்ஸ்பரோ வீட்டை விற்றாயிற்று. மச்சாள், அண்ணனின் மனைவி, இப்போது மகனோடு ரொறொன்ரோவில். ஒருமுறை அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். புதிதாக வந்தவர்கள் வேலியைப் பிடுங்கிவிட்டார்கள், தூணும் இல்லை. நேற்று அவருடைய ஆட்டைத்திவசம், முதல் வருடம். சடங்கெல்லாம் ரொறொன்ரோவில், எனக்குப் போக வசதிப்படவில்லை. அதற்காகத்தான் அந்த வாழைக்காய்.

சமைத்து, ஒரு தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, மூன்றாம் மாடிப் பின்பால்கனியில் வைத்தேன். அக்கம்பக்கத்துக்குக் கேட்காமல் மெல்லக் கா கா என்று கூப்பிட்டேன். எங்கோ தூரத்தில் ஒன்று கரைந்தது, வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அணில் கம்பியில் ஓடி வந்து, சோற்றை முகர்ந்துவிட்டு, வாழைக்காய்ப் பொரியலை மட்டும் தெரிந்தெடுத்துத் தின்றது. பிறகு சோற்றிலும் வாய் வைத்தது.

எனக்குக் கவலை வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. கை தன்பாட்டில் போனை எடுத்துவிட்டது: "அண்ணை, உங்கட சோத்துக்கு அணில் வந்தது" என்று சொல்ல. ரொக்ஸ்பரோ இலக்கத்தைப் பாதி அழுத்திய பிறகுதான் நினைவு வந்தது. அவருக்குத்தான் சோறு வைத்தேன்; அதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு இருந்த ஆளும் அவர்தான்.